யேமன் பச்சோந்தி: கூண்டை மாற்றாமல் மருந்து மட்டும் கொடுத்தால் போதாது

முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இன்னொரு மூட்டு முளைத்ததுபோல முன்னங்கால் வளைந்திருக்கும். உடம்பைத் தூக்கி நடக்கத் தெம்பில்லாமல் வயிற்றைக் கிளையிலேயே தேய்த்துக்கொண்டு நகரும். நாக்கை நீட்டினால் பூச்சிவரை எட்டாது. எட்டினாலும் இழுத்துக்கொள்ள வலு இருக்காது. "என்ன கால்சியம் கொடுக்கலாம்?" என்று கேட்டு வருகிறவர்களின் பச்சோந்தி பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருக்கும். கால்சியம் தேவைதான். ஆனால் அந்தக் கால் வளைந்ததற்குக் காரணம் கூண்டின் மேலே மாட்டியிருக்கும் பல்ப். அதை மாற்றாமல் எத்தனை பாட்டில் ஊற்றினாலும் எலும்பு தேறாது.

வீட்டில் வளரும் பச்சோந்திக்கு வரும் நோய்களில் பாதிக்கு மேல் கூண்டிலிருந்தே வருகிறது. அதனால் நோயைத் தனியாக, கூண்டைத் தனியாக எழுதாமல், எந்தக் குறை எந்த நோயில் கொண்டுபோய் விடும் என்று சேர்த்தே எழுதியிருக்கிறேன். இங்கே பேசுவது முழுக்க யேமன் பச்சோந்தியைப் பற்றி. ஆங்கிலத்தில் வெயில்ட் கமீலியன் என்பார்கள். அறிவியல் பெயர் கமேலியோ கேலிப்ட்ராட்டஸ். யேமனிலும் சவூதியின் தென்மேற்கு மலைப்பகுதியிலும் வாழ்வது. கடைகளில் அதிகம் கிடைப்பதும், பச்சோந்திகளில் ஓரளவு தாக்குப்பிடிப்பதும் இதுதான். மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்திக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் சட்டம். நம் ஊர் வேலியோரத்தில் பார்க்கும் இந்தியப் பச்சோந்தியைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குட்டியாக இருந்தாலும், "காயம்பட்டுக் கிடந்தது, எடுத்து வந்தேன்" என்றாலும் அதேதான். வனத்துறையிடம் ஒப்படைப்பதே வழி. யேமன் பச்சோந்தி, காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், இந்தியாவில் வைத்திருப்பவர்கள் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். சிங்கப்பூரில் வளர்க்கவே அனுமதி இல்லை. ஆகவே இதைப் படித்துப் பயன்படுத்தப் போகிறவர்களில் பலர் கனடா, பிரிட்டன், ஜெர்மனி பக்கம் இருப்பவர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். குளிர்காலத்தைப் பற்றி அடிக்கடி சொல்வது அதனால்தான்.

கூண்டு: அகலத்தைவிட உயரம்

வளர்ந்த ஆண் மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை 45 முதல் 60 செ.மீ. வரை போகும். அதற்கு 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம், 120 செ.மீ. உயரம் என்பது குறைந்தபட்சம். பெண் சிறியது, 25 முதல் 35 செ.மீ.தான், 45க்கு 45க்கு 90 செ.மீ. கூண்டில் சமாளிக்கலாம், பெரிதாக இருந்தால் நல்லது. ஆணா பெண்ணா என்பதைக் குட்டியிலேயே பார்த்துவிடலாம். பின்னங்கால் பாதத்தின் குதிகால் பக்கம் சின்னதாக ஒரு முள் துருத்திக்கொண்டிருந்தால் ஆண், வழவழவென்று இருந்தால் பெண். மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டியை வாங்காதீர்கள். விலை மலிவாக இருக்கும், ஆனால் இரண்டே நாள் தண்ணீர் தட்டினால் போய்விடும்.

கூண்டைத் தரையில் வைக்கக் கூடாது. தனக்கு மேலே நின்று குனிந்து பார்ப்பது எதுவாக இருந்தாலும் பச்சோந்திக்கு அது பருந்துதான். மேசைமேல் ஏற்றி, அது வழக்கமாக உட்காரும் கிளை உங்கள் கண்மட்டத்துக்கு மேலே வரும்படி வையுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே பல பச்சோந்திகள் சீறுவதை நிறுத்திவிடும். தொலைக்காட்சிக்குப் பக்கத்திலும், ஆட்கள் போய்வரும் நடையிலும், ஏசி அல்லது ஹீட்டர் காற்று நேரே அடிக்கும் இடத்திலும் வேண்டாம்.

ஒரு கூண்டில் ஒன்றுதான். ஜோடி சேர்த்து வைப்பது, அண்ணன் தம்பி என்று இரண்டு குட்டிகளை ஒன்றாக விடுவது எல்லாம் நம் ஆசைக்காகச் செய்வது. வலுவானது மேலே வெயில் காயும் கிளையைப் பிடித்துக்கொள்ளும். மற்றது சத்தமில்லாமல் கீழே ஒதுங்கி, குறைவாகத் தின்று, நோயில் விழும். சண்டை கண்ணில் படாததால் சமாதானமாக இருக்கின்றன என்று நினைத்துக்கொள்வோம். கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்தாலும் எதிரி என்றே எடுத்துக்கொள்ளும் பிராணி இது. பக்கத்துக் கூண்டில் இன்னொன்று இருந்தால் நடுவே தடுப்பு வைத்து மறைத்துவிடுங்கள்.

வலைக் கூண்டா, கண்ணாடிக் கூண்டா என்று நெடுநாளாக வாக்குவாதம் நடக்கிறது. வீட்டுக் காற்றில் எப்போதும் 50 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் நாலு பக்கமும் வலை சரியாக வரும். டொரன்டோ குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது வீட்டு ஈரப்பதம் 20, 30 சதவீதத்துக்கு இறங்கிவிடும்; அங்கே வெறும் வலைக் கூண்டில் எவ்வளவு தெளித்தாலும் கால்மணி நேரத்தில் காய்ந்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் பின்பக்கத்தையும் இரு பக்கவாட்டையும் கெட்டியான பிளாஸ்டிக் தகட்டால் மூடி, மேல்பக்க வலையையும் முன்பக்கம் கீழே ஒரு காற்றுப் பட்டையையும் திறந்து விடுங்கள். விளக்குச் சூட்டில் காற்று மேலே ஏறி வெளியேறும், கீழிருந்து புதுக்காற்று உள்ளே வரும். மூடிய மீன் தொட்டி மட்டும் கூடவே கூடாது. காற்று தேங்கினால் என்ன ஆகும் என்பது பின்னால் வருகிறது.

உள்ளே முக்கியமானது கிளைகள். ஒரே பருமனில் இரண்டு குச்சியைக் குறுக்கே வைத்தால் போதாது. பென்சில் பருமனிலிருந்து உங்கள் கட்டைவிரல் பருமன்வரை, பெரும்பாலும் கிடைமட்டமாக, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவாமல் நடந்தே போகும்படி இருக்க வேண்டும். பாசி ஒட்டியதுபோல விற்கும் செயற்கைக் கொடியைத் தவிர்க்கவும். யேமன் பச்சோந்தி இலையையும் மென்று பார்க்கும் பழக்கம் உள்ளது; பிளாஸ்டிக் இலை, ரப்பர்ப் பாசி இவற்றைக் கடித்து விழுங்கிக் குடல் அடைபடும். உயிர்ச்செடி போதும்: மணி பிளான்ட், ஷெஃப்லெரா, பெஞ்சமினா ஃபைகஸ், செம்பருத்தி. நர்சரியிலிருந்து வந்ததும் இலையை இருபுறமும் கழுவி, உரமணிகள் கலந்த மண்ணை உதறிவிட்டு, உரமும் மருந்தும் சேராத மண்ணில் மாற்றி நட்டு வையுங்கள். செடி ஓரமாக இருந்தால் போதாது. வேண்டும்போது முழுதாக மறைந்துகொள்ளும் அளவுக்கு அடர்ந்த ஒரு மூலை கட்டாயம் தேவை.

கீழே மண், தேங்காய் நார்த்தூள் எதுவும் போட வேண்டாம். கீழ்த்தட்டில் ஓட்டை போட்டு அடியில் வாளி வைத்து, தெளிக்கும் தண்ணீர் வடிந்து போகும்படி செய்யுங்கள். தேங்கிய தண்ணீரும் எச்சமும் செத்த பூச்சியும் சேர்ந்தால் இரண்டே நாளில் நாறும்.

ஒளியும் எலும்பும்

தொடக்கத்தில் சொன்ன வளைந்த காலுக்கு வருவோம். 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள யுவிபி (புற ஊதா பி) ஒளி தோலில் பட்டால் அங்கே வைட்டமின் டி3-இன் மூலப்பொருள் உருவாகிறது. உடல் சூடாக இருந்தால்தான் அது டி3 ஆக மாறும். டி3 இல்லாமல் குடலிலிருந்து கால்சியம் ரத்தத்தில் ஏறாது. ரத்தத்தில் கால்சியம் குறைந்ததும் பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து அதை உருவி எடுத்து ரத்தத்தை நிரப்பும். இதயமும் தசையும் ஓட கால்சியம் வேண்டுமே, அதற்காக எலும்பைக் காவு கொடுக்கிறது உடம்பு. எம்பிடி என்று சுருக்கமாகச் சொல்லும் எலும்பு நோய் இதுதான். முதலில் பிடி தளரும், நடுக்கம் வரும். அடுத்து தாடை ரப்பர்போல மெத்தென்று ஆகும், கால் வளையும், தலைக்கொண்டை ஒரு பக்கம் சாயும். கையில் எடுக்கும்போதே எலும்பு முறியும் நிலைக்கும் போகும். நோயை நிறுத்தலாம், வளைந்த எலும்பு நேராகாது.

கடையில் "தொடக்கநிலை செட்" என்று கூண்டோடு சேர்த்துக் கொடுக்கும் சுருள்வடிவ சின்ன யுவி பல்பை எடுத்து ஓரம் வையுங்கள். ஒரு புள்ளியில் மட்டும் ஒளி விழும், ஓரடி தள்ளினால் ஒன்றுமில்லை. வேண்டியது டி5 ஹெச்ஓ என்னும் நீளமான, மெல்லிய, அதிக ஒளித்திறனுள்ள யுவிபி குழல்விளக்கு, உள்ளே பளபளப்பான பிரதிபலிப்புத் தகடு உள்ள சட்டத்துடன். ஆர்கேடியா பிராண்ட் என்றால் 6 சதவீதம், ரெப்டிசன் பிராண்ட் என்றால் 5.0 என்று எழுதியிருப்பது. இதை மேல்வலையின்மேல் வைத்து, வெயில் காயும் கிளையை அதிலிருந்து 20 முதல் 23 செ.மீ. கீழே அமைக்க வேண்டும். 12 சதவீதம் அல்லது 10.0 குழல் என்றால் 30 செ.மீ.க்கு மேல். அளக்கும்போது கிளையை அளக்காதீர்கள். கிளையில் நிற்கும் பச்சோந்தியின் முதுகை அளங்கள். வளர்ந்த ஆணின் முதுகு கிளையைவிட நன்றாக உயரத்தில் இருக்கும். சோலார்மீட்டர் 6.5 என்ற கருவி கிடைத்தால் முதுகு வரும் உயரத்தில் யுவி குறியீடு (UVI) 3-ஐ ஒட்டி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். விலை அதிகம்தான். ஊர்வன வளர்ப்போர் சங்கங்களில் சேர்ந்து வாங்கி மாற்றிமாற்றிப் பயன்படுத்துகிறார்கள்.

இதில் வழக்கமாக ஏமாறும் இடங்கள் இரண்டு. குழல் நன்றாக எரிகிறதே என்று இரண்டு மூன்று ஆண்டு விட்டுவிடுவது ஒன்று. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் அப்படியே இருக்க, யுவிபி மட்டும் இறங்கிக்கொண்டே போகும். கருவி இல்லாதவர்கள் ஆண்டுக்கொரு முறை கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுங்கள். மாட்டிய தேதியை மார்க்கர் பேனாவால் சட்டத்திலேயே எழுதி வைப்பது நல்ல பழக்கம். இரண்டாவது, ஜன்னல் ஓரம் கூண்டை வைத்து "வெயில் படுகிறதே" என்பது. ஜன்னல் கண்ணாடி யுவிபியைத் தடுத்து, சூட்டை மட்டும் உள்ளே விடும். பிளாஸ்டிக் மூடியும் அப்படித்தான்.

அதிக யுவி இருந்தாலும் ஆபத்துதான் என்பதால் கூண்டில் வெளிச்சமான இடமும் நிழலும் சேர்ந்தே இருக்க வேண்டும். 2009-இல் டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாந்தர் பச்சோந்திகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், உணவில் டி3 குறைவாகக் கிடைத்தவை யுவி ஒளியைத் தேடி அதிகம் போயின. போதிய அளவு கிடைத்தவை ஒதுங்கின. தனக்கு எவ்வளவு வேண்டும் என்று அதற்கே தெரிகிறது. ஒதுங்க இலை மறைவு இருந்தால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

விளக்கு நேரம் 12 மணி. டைமர் போட்டுவிடுங்கள். இரவில் சிவப்பு பல்ப், நீல பல்ப் எதுவும் வேண்டாம். பச்சோந்திக்கு அவை தெரியும், தூக்கம் கெடும்.

சூடு

வெயில் காயும் இடத்தில் ஆணுக்கு 29 முதல் 31 டிகிரி செல்சியஸ். பெண்ணுக்கும் குட்டிக்கும் 26, 27 போதும். கூண்டின் மற்ற பகுதி 22 முதல் 26. இரவில் 15 முதல் 20 டிகிரிவரை இறங்கலாம், இறங்கவும் வேண்டும். யேமன் மலைகளில் இரவு குளிர்ந்துதான் இருக்கும். பாலைவனப் பிராணி என்று நினைத்து 38 டிகிரியில் வறுப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

சூட்டுக்குச் சாதாரண குண்டு பல்ப் (எல்இடி அல்ல) அல்லது ஹாலோஜன் போதும். கூண்டுக்கு வெளியே, மேல்வலைக்கு மேலே மட்டும். உள்ளே மாட்டிய பல்பில் ஏறி உட்கார்ந்து வெந்துபோனவை ஏராளம். வெளியே இருந்தாலும் கிளை மிகக் கிட்டே இருந்தால் தலைக்கொண்டையின் உச்சியிலும் முதுகுச் செதில் வரிசையிலும் முதலில் வெளுத்த பச்சைத் திட்டு தெரியும், இரண்டு நாளில் அது கருத்து, பொருக்குத் தட்டி உதிரும். வளர வளர உயரமும் கூடுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். ஆறு மாதக் குட்டிக்கு அமைத்த கிளை ஒரு வயது ஆணுக்குப் பல்பை முட்டும். மேல்வலையில் தலைகீழாகத் தொங்கும் பழக்கம் உள்ளவை உள்ளங்காலைச் சுட்டுக்கொள்ளும். பல்பை வலையிலிருந்து 5 முதல் 8 செ.மீ. தூக்கி மாட்டினால் இது நிற்கும். வெப்பநிலையை ஒட்டும் வகை வட்ட மீட்டரில் பார்க்காதீர்கள், அது சுவரின் சூட்டைத்தான் சொல்லும். கம்பியில் முனை உள்ள டிஜிட்டல் மானியின் முனையைக் கிளையில் முதுகு வரும் உயரத்தில் கட்டிப் பாருங்கள்.

காலையில் கருத்துப்போய் உடம்பைப் பக்கவாட்டில் தட்டையாக்கி விளக்குக்குக் காட்டிக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம், சூடேற்றிக்கொள்கிறது. மதியமும் அப்படியே கருத்திருந்தால்தான் குளிரோ பயமோ நோயோ என்று தேட வேண்டும்.

தண்ணீர், இரவு, நுரையீரல்

கிண்ணத்தில் தேங்கி நிற்கும் தண்ணீரைப் பச்சோந்தி பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இலையில் உருளும் சொட்டைத்தான் நக்கும். விளக்கு எரிவதற்குச் சற்று முன்பும் அணைந்த பிறகும் இரண்டிரண்டு நிமிடம் மெல்லிய தெளிப்பு. பகலில் ஒரு சொட்டுப் பாத்திரம். பாத்திரத்துக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் குண்டூசியால் ஓட்டை போட்டு மேல்வலையில் வைத்தால், இரண்டு விநாடிக்கு ஒரு சொட்டு இலைமேல் விழும். கையால் இரண்டு தரம் பீய்ச்சிவிட்டு வேலைக்குப் போனால் போதாது. பல பச்சோந்திகள் தண்ணீர் விழத் தொடங்கி ஓரிரு நிமிடம் கழித்தே நக்க ஆரம்பிக்கும்.

போதுமான தண்ணீர் போகிறதா என்பதை எச்சம் சொல்லிவிடும். கருப்பான மலத்தோடு வெள்ளையாக ஒரு கட்டி வரும், அது யூரேட், அதாவது கெட்டியான சிறுநீர்க் கழிவு. வெள்ளையாக, ஓரத்தில் லேசான மஞ்சள் இருந்தால் சரி. முழுக்க ஆரஞ்சு நிறத்தில், மணல்போல உதிர்ந்தால் உடம்பில் நீர் வற்றிவிட்டது. கண்கோபுரம் உள்வாங்குவது அதற்கும் பிந்திய அறிகுறி. மாதக்கணக்கில் இப்படியே போனால் சிறுநீரகம் பழுதாகி யூரிக் அமிலம் மூட்டுகளில் படிந்து கணுக்கால், விரல் மூட்டெல்லாம் வீங்கும். கௌட் என்னும் அந்த நிலையிலிருந்து மீட்பது கடினம். "ஒரே ஒரு கருவிக்குத்தான் பணம் இருக்கிறது, சோலார்மீட்டரா தானியங்கித் தெளிப்பானா?" என்று கேட்டால் தெளிப்பான் என்பேன்.

இதன் மறுபக்கம் மிகை ஈரம். பகலில் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம் இருந்தாலே போதும். அடுத்த தெளிப்புக்குள் இலை முழுதாக உலர வேண்டும். இரவில் 80 முதல் 100 வரை ஏற்றலாம், ஆனால் அறை 20 டிகிரிக்குக் கீழே இறங்கியிருந்தால் மட்டும். யேமன் மலைச்சரிவுகளில் இரவில் குளிர்ந்த மூடுபனி இறங்குகிறது. ஃபாகர் என்னும் பனிப்புகைக் கருவி அதைத்தான் கொண்டுவருகிறது. 25 டிகிரி அறையில் மூடிய கூண்டுக்குள் ஃபாகரை ஓட்டினால் கிடைப்பது சூடான தேங்கிய ஈரம். பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் அதைவிட நல்ல இடமில்லை. ஃபாகர் தொட்டியில் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவிக் காயவையுங்கள். தொட்டிக்குள் வழவழவென்று படலம் இருந்தால் அதைத்தான் உங்கள் பச்சோந்தி இரவெல்லாம் சுவாசித்திருக்கிறது.

நுரையீரல் தொற்றின் அடையாளம்: தலையை வானத்தைப் பார்த்துத் தூக்கி, வாயைத் திறந்து இழுத்து இழுத்து மூச்சு விடும். மூச்சோடு டிக், டிக் என்று சத்தம் வரும், வாயோரம் நுரையோ நூல்போல சளியோ தெரியும். வெயில் காயும்போது சூடு தாளாமல் வாய் திறப்பது வேறு. விளக்கிலிருந்து விலகினால் அது மூடிவிடும். தொற்று என்றால் வீட்டு மருந்து வேலைக்கு ஆகாது. ஆன்டிபயாட்டிக் தேவை, அதை மருத்துவரே தேர்வு செய்ய வேண்டும். ஊசியை உடலின் முன்பாதியில் போடுவது வழக்கம், ஊர்வனவற்றின் பின்னுடல் ரத்தம் சிறுநீரகம் வழியாகப் போகும் அமைப்பு உள்ளதால். நாய் பூனை மட்டும் பார்க்கும் இடத்தில் காட்டுவதைவிட ஊர்வன பார்க்கும் மருத்துவரை இப்போதே தேடி எண்ணைக் குறித்து வையுங்கள்.

தீனியும் பொடியும்

கிரிக்கெட் பூச்சியும் டூபியா கரப்பானும் அன்றாடத் தீனி. பட்டுப்புழு, கொம்புப்புழு, கருப்பு சிப்பாய் ஈயின் புழு மாற்றி மாற்றி. பூச்சியின் அகலம் பச்சோந்தியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது. குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் நாலைந்து பூச்சி. தின்னாமல் விட்ட கிரிக்கெட்டை இரவில் கூண்டில் விடாதீர்கள், தூங்கும் பச்சோந்தியைக் கடித்துப் புண்ணாக்கும். தோட்டத்தில் பிடித்தது வேண்டாம், மருந்தடித்த செடியில் மேய்ந்திருக்கும். மின்மினி ஒன்றே ஒன்று தின்றாலும் சாகக்கூடும், அதன் உடலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உள்ளது.

பூச்சிக்கு நாம் என்ன போடுகிறோமோ அதுதான் பச்சோந்தியின் சாப்பாடு. கேரட், பூசணி, கடுகுக்கீரை, முருங்கைக்கீரை என்று ஒருநாள் முழுக்கத் தின்னவிட்டுப் பிறகு கொடுங்கள். அப்படியும் கிரிக்கெட்டில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம் (கருப்பு சிப்பாய் ஈயின் புழு மட்டும் விதிவிலக்கு). அதனால் ஒவ்வொரு வேளையும் டி3 சேராத கால்சியம் பொடியை லேசாகத் தூவ வேண்டும். டி3-யும் வைட்டமின் ஏ-யும் உள்ள பொடி மாதம் இரண்டே முறை. 1-ஆம் தேதி, 15-ஆம் தேதி என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

நல்லது என்று தினமும் எல்லாப் பொடியும் தூவினால், கழுத்தைச் சுற்றிப் பனியன் காலர் மாதிரி மெத்தென்று நீர் கோத்து வீங்கும். மிகைப் பொடி அதற்கு ஒரு பொதுவான காரணம், சிறுநீரகக் கோளாறு இன்னொன்று. பொடியை நிறுத்தியும் வாரத்தில் வற்றாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். மறுகோடியில் வைட்டமின் ஏ குறைந்தால் கண்ணோரம் வீங்கி மூடும், தோல் சரியாக உரியாது, நாக்கு குறி தவறும். ஏ-யைத் தானாகக் கூட்டிக் கொடுப்பது ஆபத்து, உடலில் தேங்கி நஞ்சாகும் சத்து அது.

பெண் வைத்திருப்பவர்களுக்கு

இந்தப் பகுதியைத் தெரியாமல்தான் அதிகம் இழக்கிறார்கள். யேமன் பச்சோந்திப் பெண், ஆணையே பார்க்காவிட்டாலும் முட்டையிடும். நான்கைந்து மாத வயதிலேயே தொடங்கிவிடலாம். கருவளராத முட்டைதான், ஆனால் இட்டே ஆக வேண்டும். இடத் தகுந்த இடம் இல்லாவிட்டால் உள்ளேயே அடக்கி வைத்துக்கொண்டு செத்துப்போகும்.

எனவே நான்கு மாதம் ஆனதும் கூண்டின் அடியில் ஒரு முட்டைத் தொட்டியை நிரந்தரமாக வைத்துவிடுங்கள். 30 செ.மீ.க்கு 30 செ.மீ. தொட்டி, உள்ளே 20 செ.மீ. ஆழத்துக்குக் கழுவிய விளையாட்டு மணல். விரலை உள்ளே விட்டு எடுத்தால் ஓட்டை சரியாமல் நிற்க வேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. அவ்வளவு ஈரம். தொட்டிவரை இறங்கி வர ஒரு கிளையும் சாய்த்து வையுங்கள். முட்டை இடும் காலம் வந்தால் சாப்பாடு குறையும், கூண்டுத் தரையில் அலையும், கருத்த உடலில் மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள் தெரியும். சுரங்கம் தோண்டத் தொடங்கியதும் முன்பக்கத்தைத் துணியால் மறைத்துவிட்டு ஆளே போகாதீர்கள். பார்க்கிறார்கள் என்று உணர்ந்தால் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பிப் போகும். அங்கிருந்துதான் முட்டையடைப்பு தொடங்கும். துணியில் ஒரு சின்ன ஓட்டை போதும், தூர நின்று பார்க்க. தோண்டி, இட்டு, மூடி முடிக்க ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். தோண்டுவதை விட்டுவிட்டுத் தரையில் பகலில் கண் மூடிப் படுத்தாலோ, பிடி தளர்ந்தாலோ காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே எக்ஸ்ரே. கால்சியம், ஆக்ஸிடோசின் ஊசி, அதற்கும் வராவிட்டால் அறுவை சிகிச்சை என்று போகும்.

முட்டையின் எண்ணிக்கையை நாம் குறைக்க முடியும். சூடாக வைத்து, கேட்கும்போதெல்லாம் தீனி போட்டால் ஒரு ஈட்டுக்கு 60, 80 என்று போகும். ஒவ்வொரு ஈடும் அதன் எலும்பிலிருந்து கால்சியத்தை வாங்கிக்கொண்டுதான் வெளியே வருகிறது. வளர்ந்த பெண்ணுக்கு வெயில் காயும் இடத்தை 26, 27 டிகிரியில் வைத்து, வாரம் மூன்று முறை மூன்று நான்கு பூச்சி என்று நிறுத்தினால் எண்ணிக்கை 20-ஐ ஒட்டி நிற்கும். ஆண்டுக்கு ஈடும் குறையும். பசியோடு உங்களைப் பார்க்கும், மனம் இரங்கக் கூடாது. முட்டையிட்டு முடித்த மூன்று நாள் மட்டும் தண்ணீரும் தீனியும் தாராளமாகக் கொடுத்துத் தேற்றுங்கள்.

மற்றவை, சுருக்கமாக

பகலில் கண் மூடியிருக்கும் பச்சோந்தி நோயாளி. ஒரு கண் என்றால் தூசி, தோல் துணுக்கு. நீண்ட தெளிப்பில் அதுவே உருட்டிக் கழுவிக்கொள்ளும், மறுநாளும் மூடியிருந்தால் மருத்துவர். இரு கண்ணும் என்றால் அன்றே. வாயோரம் கட்டி, ஈறில் தயிர்க்கட்டிபோல மஞ்சள் படிவு இவை சீழ். ஊர்வனவற்றின் சீழ் திரவமாக ஓடாது, கெட்டியாகவே இருக்கும், அதனால் சுரண்டி எடுத்தாக வேண்டும். தோல் துண்டு துண்டாக உரிவது இயல்பு, இழுத்துப் பிய்க்காதீர்கள். விரல் நுனியிலும் வால் நுனியிலும் வளையமாகத் தங்கினால் மட்டும் ஈரம் கூட்டிக் கவனிக்கவும், ரத்த ஓட்டம் நின்று நுனி கருகும். ஆணின் இனப்பெருக்க உறுப்பு வெளியே வந்து உள்ளே போகாமல் தொங்கினால் சர்க்கரைக் கரைசலில் நனைத்த துணியால் ஈரமாக மூடி, நேரே மருத்துவமனை.

புதிதாக வாங்கியதற்கு இரண்டு மூன்று வார இடைவெளியில் இருமுறை எச்சப் பரிசோதனை செய்யுங்கள். காக்சிடியா என்ற ஒட்டுண்ணி இருந்தால் மருந்தோடு கூண்டையும் முழுக்கக் காலி செய்து கழுவ வேண்டும், இல்லாவிட்டால் தன் எச்சத்திலிருந்தே திரும்பத் தொற்றும். மூலையில் செடியும் கொடியும் இருக்கும் கூண்டில் அது நடக்காத காரியம். சிகிச்சை முடியும்வரை காகிதத் தரையும் இரண்டு மூன்று கழுவக்கூடிய குச்சியும் உள்ள தற்காலிகக் கூண்டுக்கு மாற்றுங்கள்.

சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள், தராசின்மேல் ஒரு குச்சி வைத்து அதில் ஏறவிட்டு. காரணம் தெரியாமல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், வேறு அறிகுறி ஒன்றும் இல்லாவிட்டாலும் காட்டிவிடுங்கள். நோயை மறைப்பதில் பச்சோந்தி கெட்டிக்காரப் பிராணி, வெளியே தெரியும்போது பாதி தூரம் போயிருக்கும்.

மருத்துவரிடம் போகும்போது நடுவே ஒரு குச்சியைக் குறுக்கே செருகிய காற்றோட்டமுள்ள இருட்டுப் பெட்டியில் கொண்டுபோங்கள், குளிர்காலத்தில் வெளியே சுடுதண்ணீர்ப் பையைத் துணியில் சுற்றி வைத்து. ஒரு நாளுக்குட்பட்ட எச்சம் சின்ன டப்பாவில். கூண்டின் முழுப்படம் ஒன்று, விளக்குகள் தெரியும்படி மேல்பக்கப் படம் ஒன்று, பல்பின் அட்டைப்பெட்டி, பயன்படுத்தும் பொடி டப்பாக்களின் லேபிள் படம். நல்ல ஊர்வன மருத்துவர் பச்சோந்தியைத் தொடுமுன் இவற்றைத்தான் கேட்பார்.